உட்கார்ந்த ஓரகத்தியும் நின்றுகொண்டிருக்கும் நானும்

1

இக்குறிப்புகளில் நான் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதப்போகிறேன். இதில் வரும் பெண்ணின்மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பதே அதற்குக் காரணம். பொறாமை கொண்டவரின் நினைவு, பூ அளக்கும்போது முழத்தைக் குறைத்துப் பிடிக்கும் கையைப் போன்றது. தெரிந்தே குறைக்கிறதா, தெரியாமல் குறைக்கிறதா என்பது அக்கைக்கு உரியவருக்கே விளங்காது. ஆகவே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். காணொளியில் நான் கண்டது, என் உடம்பால் நான் அறிந்தது, தமக்குள் கலந்து பேசாத இருவர் ஒன்றுபோலச் சொன்னது ஆகியவை தடையின்றி இடம்பெறும். ஒருவர் மட்டும் சொன்னதை எழுத நேர்ந்தால், சொன்னவர் இன்னார் என்று குறித்துவிடுவேன். கடைகளின் பெயர்களை எழுதவில்லை.

அந்தப் பெண் மஞ்சுளா. என் கணவரின் தம்பி செல்வத்தின் மனைவி, எனக்கு ஓரகத்தி. என் கணவர் வீட்டார் ஆலை வேலைக்காக அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒசூருக்குக் குடிவந்தவர்கள். நான் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். திருமணத்துக்குப் பின் கணவருடன் கனடாவுக்கு வந்துவிட்டேன். மஞ்சுளா, ஒசூரை அடுத்த தளி என்ற ஊர்க்காரி. முட்டைக்கோசும் ரோசாவும் பயிரிடும் குடும்பம். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபின் தமிழ் என்று மூன்றும் பேசுவாள். ஒசூரில் நெடுஞ்சாலையோரத்தில் நான்கு மாடிகளுடன் நிற்கும் பேரங்காடி ஒன்றில் அவள் சேலைப் பிரிவில் விற்பனைப் பெண். நான் டொராண்டோவை அடுத்த ஒரு நகரில், ஒரு பேரங்காடியின் கல்லாவில் நிற்கிறேன்.

இருவருக்கும் தொழில் ஒன்றே. ஆனால் உறவினர்கள் அவ்வாறு பேசுவதில்லை. "பெரியவ கனடாவுல இருக்கா, சின்னவ கடையில நிக்கறா" என்பார்கள். நானும் நிற்கத்தான் செய்கிறேன் என்பது கடல் தாண்டும்போது எங்கோ நழுவிவிடுகிறது.

2

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு பொட்டலம்.

நாங்கள் கல்லாவில் ஒரு ரப்பர் விரிப்பின்மேல் நின்று வேலை செய்கிறோம். உட்கார விரும்புபவர் மருத்துவரிடம் சான்று பெற வேண்டும். அச்சான்று மேலாளரிடமும், அவரிடமிருந்து தலைமையகத்துக்கும், தலைமையகத்திலிருந்து இத்தகைய கோரிக்கைகளை ஆராய்வதற்கென்றே அமர்த்தப்பட்ட வேறொரு நிறுவனத்துக்கும் செல்லும். அந்நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். எனக்கு நோவது முழங்கால். நம் மொழியில் இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் கால்தான். அந்த நினைப்பில், ஆங்கிலத்தில் பாதத்தை மட்டும் குறிக்கும் சொல்லைச் சொல்லிவிட்டேன். அவர் அதையே பதிந்துகொண்டார்.

மாதங்கள் சென்றன. சென்ற வாரம் மேலாளர் முகமலர்ச்சியுடன் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். உள்ளே, காலணிக்குள் வைத்துக்கொள்ளும் மெத்தென்ற அட்டைகள் இரண்டு இருந்தன. கோரிக்கை நிறைவேற்றப்பட்டுவிட்டது என்று மின்னஞ்சலும் வந்தது. நிறைவேறிய கோரிக்கையை மறுபடி திறக்க இயலாதாம். முழங்காலுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள் இளவேனில் கைப்பேசியிலிருந்து தலைநிமிர்ந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளியில் அவளை எல்லி என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குத்தான் விரைவாகத் திரும்புகிறாள். என்னோடு ஒரு நாளில் பேசும் சொற்களைவிடச் சித்தியோடு ஓர் அழைப்பில் பேசும் சொற்கள் மிகுதி.

"சித்திகிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

"ஆல்ரெடி அனுப்பிட்டேன்."

சற்று நேரத்தில் மஞ்சுளாவின் குரல் எங்கள் சமையலறையில் ஒலித்தது. "அக்கா, உங்க ஊர்ல உக்காரணும்னா டாக்டரு எழுதிக் குடுக்கணுமா? நல்ல ஊருக்கா. போய்ச் சேர்ற வரைக்கும் நின்னுக்கினே இருக்கணும் போல. நான் வேணா இங்கிருந்து ஒரு ஸ்டூல் பார்சல் போடட்டுமா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டில் அப்படிப்பட்ட சிரிப்பு எழும்போதெல்லாம் அதற்குக் காரணமானவர் ஒசூரில்தான் இருக்கிறார்.

எங்கள் கடையிலும் தொழிற்சங்கம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் சந்தா என் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக வரும். விடுப்பும் ஊதிய உயர்வும் முறைப்படி கிடைப்பது அதனால்தான். அதை மறைத்தால் என் விதியை நானே மீறியவளாவேன். இதை மகளிடமும் அன்று சொன்னேன். அவள் சிந்தித்துவிட்டு, "நீ பே மட்டும்தான் பண்ற, இல்லம்மா?" என்று கேட்டாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. அதனால்தான் அது தைத்தது.

3

மஞ்சுளாவின் கடையில் நுழையும்போதே கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். திறப்பதிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டும். சாயக் கூடாது, அலமாரியில் கையூன்றினாலும் சாய்ந்ததாகவே கொள்வார்கள். மேல்மாடியில் அமர்ந்து கண்காணிப்புத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர், யாரேனும் சாய்ந்தால், "சேலைப் பிரிவு, கஸ்டமரைக் கவனிங்க" என்று ஒலிபெருக்கியில் இனிய குரலில் அறிவிப்பார். வாங்க வந்தவர்களின் காதில் அது உபசாரம். நிற்பவர்களின் காதில் அதட்டல். மஞ்சுளாவும், முன்பு அங்கு வேலை பார்த்து விலகிய வேறொரு பெண்ணும் இதைத் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அக்கடைக்கு முக்காலிகள் வந்தன. (கால்கள் நான்குதான், வழக்குப் பற்றி முக்காலி என்றே எழுதுகிறேன்.) வந்தவற்றின்மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். ஆய்வுக்கு எவரேனும் வருகிறார் என்று தெரிந்தால் பெட்டிகள் இறங்கும். அவர் படியிறங்கியதும் ஏறும்.

மாவட்டத்தில் கடைப் பணியாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெண்கள் சிலர் அதில் சேர்ந்தார்கள். தேன்கனிக்கோட்டைப் பேருந்தில் வருபவர்கள், பாகலூரிலிருந்து வரும் தெலுங்குக்காரிகள், தருமபுரியிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கியிருப்பவர்கள் என்று பலவகையினர். எல்லோரிடமும் அவரவர் மொழியில் வம்பளக்கக்கூடியவள் மஞ்சுளா ஒருத்தியே. ஆகவே அவளைக் கடைக் கிளையின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

"நான் கேட்டேன்கா, செக்ரட்டரி போஸ்டுக்குச் சேர் உண்டான்னு. இல்லேன்னாங்க. அப்போ மொத கோரிக்கையே அதான்னு எழுதிக்கங்கன்னுட்டேன்" என்று அன்று என்னிடம் சொன்னாள். புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்பதற்காகவே கூட்டத்துக்கு முன்னதாகப் போகிறவள் அவள். உதட்டுச் சாயம் பூசாமல் ஆர்ப்பாட்டத்துக்குப் போனதில்லை என்பதையும் அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் வாக்கியங்களை நான் பலமுறை மனத்துக்குள் திருத்தியிருக்கிறேன். எழுவாய் கன்னடத்தில் தொடங்கும், பயனிலை தமிழில் முடியும், இடையில் தெலுங்கு எட்டிப்பார்க்கும். எந்த மொழியின் இலக்கணத்திலும் அவ்வாக்கியம் நிற்காது. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். என் ஆங்கில வாக்கியங்கள் பிழையின்றி நிற்கின்றன. எதிரே இருப்பவர் பணிவாகக் காதைச் சாய்த்து, இன்னொரு முறை சொல்லும்படி கேட்கிறார்.

4

அக்கடையில் பணம் பெறும் கல்லாக்களில் ஒன்றில் ஷோபா என்ற பெண் வேலை பார்த்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். அவளும் நின்றுகொண்டுதான் இருந்தாள். வளைகாப்புக்கு விடுப்புக் கேட்டபோது, முகூர்த்தங்கள் நெருங்கிய பருவம் என்று மறுத்துவிட்டார்கள்.

மஞ்சுளா மேலாளரிடம் போனாள். (இது அவள் சொன்னது.) "சார், லீவே வேணாம். கடை தொறக்கறதுக்கு முன்னாடி இங்கியே போட்டுக்கறோம். வளையல் நம்ம கடை வளையல், பொடவை நம்ம கடைப் பொடவை. போட்டோ எடுத்து விளம்பரத்துக்குப் போட்டுக்கங்க" என்றாள்.

மேலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யோசனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மணப்பட்டுப் பிரிவில் காட்சிக்கு வைத்திருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியை அவரே ஆள்வைத்துக் கீழே இறக்கினார். படத்தில் கடையின் பெயர் விழ வேண்டும் என்பதற்காக, அதை ஷோபாவின் கல்லாவை ஒட்டிப் போடச் சொன்னவரும் அவரே.

அடுத்து நிகழ்ந்ததைக் கடையின் படப்பிடிப்பாளர் எடுத்த காணொளியில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் இடுகிறார்கள். எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் சுற்றிவருகின்றன. திறக்கும் நேரம் நெருங்குகிறது.

"சரிம்மா, ஆச்சுல்லா, எந்திங்க. கதவைத் தொறக்கணும்" என்கிறார் மேலாளர்.

"எழுப்பக் கூடாது சார்" என்கிறாள் மஞ்சுளா.

"என்னது?"

"வளையல் போட்டு ஒக்கார வெச்ச பொண்ணை ஆரத்தி சுத்தாம எழுப்பக் கூடாது. எங்க தளி பக்கம் வழக்கம்."

"அப்பச் சுத்துங்க."

"அவங்க அம்மாதான் சுத்தணும். பாகலூர்ல மாடு கறந்து ஊத்திட்டுச் சாய்ந்தரம்தான் வருவாங்க."

மேலாளர் சுற்றிலும் பார்க்கிறார். யாராவது ஒருத்தி மறுத்துச் சொல்ல மாட்டாளா என்று பார்க்கிறார் போலும். "அதுவரைக்கும் என்ன செய்ய?" என்கிறார்.

"ஒக்காந்தே பில்லு போடட்டும். வளையல் கையோட நல்லாத்தானே இருக்குது" என்று சொல்லிவிட்டு மஞ்சுளா மற்றப் பெண்கள் பக்கம் கைகாட்டுகிறாள். "வளையல் போட்டு வுட்டவங்களும் இன்னிக்கு நிக்கக் கூடாது சார். கொழந்தைக்குக் கால் கனக்கும்."

பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மஞ்சுளா பெண்களைப் பார்த்து, "உக்காருங்கடி. கூத்கொள்ளி. கூர்ச்சோண்டி" என்று மூன்று மொழிகளிலும் ஒரே கட்டளையை இடுகிறாள். சட்டைப் பெட்டிகள் தரைக்கு இறங்குகின்றன. முக்காலிகள் வெளியே வருகின்றன. கதவு திறக்கிறது.

அன்று ஷோபாவின் கல்லாவில்தான் நீண்ட வரிசை. சாமான் வாங்க வந்த பெண்கள் அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தாம் வாங்கிய வளையல்களில் இரண்டை அங்கேயே பிரித்து அவள் கையில் இட்டார். ஒலிபெருக்கி அன்று யாரையும் கவனிக்கச் சொல்லவில்லை என்று மஞ்சுளாவும் ஷோபாவும் சொன்னார்கள். கடையே தன் விளம்பரமாக அப்படங்களைப் பரப்பிவிட்டதால், மறுநாள் முக்காலிகளை மறுபடி பெட்டிக்கடியில் தள்ள முடியவில்லை. பெண்கள் உட்காரத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு வழக்கம் உண்மையாகவே உண்டா என்று மஞ்சுளாவிடம் கேட்டேன்.

"முந்தாநேத்து வரைக்கும் இல்லக்கா" என்றாள்.

தளியில் இருக்கும் அவள் தாயாரிடமும் கேட்டுவிட்டேன். அவரும் கேள்விப்பட்டதில்லை என்றார்.

5

அக்காணொளியை முதல்முறை எங்கள் கடையின் உணவறையில் பார்த்தேன். சிரித்தேன். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

இளவேனில் வயிற்றில் இருந்தபோது நான் இதே கடையில், இதே வகை விரிப்பின்மேல் நின்றேன். வளையல் இட வருவதற்கு ஊர்க்காரர் யாரும் அருகில் இல்லை. என் கணவர் இந்தியக் கடை ஒன்றிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கிவந்தார். நானே அணிந்துகொண்டு வேலைக்குப் போனேன். உணவுப்பொருள் புழங்கும் இடத்தில் கண்ணாடி கூடாது என்று மேற்பார்வையாளர் கழற்றச் சொன்னார். கடிந்து சொல்லவில்லை; விதியைச் சொன்னார். கழற்றி ஒரு தாள் பையில் போட்டு வைத்தேன். அதனால் எனக்கு எத்தீங்கும் நேரவில்லை, பிள்ளை நலமாகப் பிறந்தாள்.

ஷோபாவுக்குக் கிடைத்த வளையல்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முகம் மாறாமல் நிற்கவும், தனக்குப் பின்னால் நிற்கும் எவளும் அதைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று திரும்பிப் பார்க்காமலே அறிந்திருக்கவும் மஞ்சுளாவால் முடிந்ததே, அதன்மேல்தான் பொறாமை. என் கல்லாவுக்கு இருபுறமும் பல ஆண்டுகளாக ஒரே பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரியும். நான் ஒரு பொய் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியாது.

ஷோபா பேறுகால விடுப்பில் வீட்டுக்குப் போன பிறகு மஞ்சுளாவுக்கு மாறுதல் ஆணை வந்தது. எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில், அத்திப்பள்ளிக்கு அருகே புதிதாகத் திறந்த கிளைக்கு அவள் செல்ல வேண்டும். ஒசூர்ச் சங்கம் தமிழ்நாட்டில் பதிவானது. இருக்கைச் சட்டமும் தமிழ்நாட்டுடையது. ஆணையில் இவை குறிக்கப்படவில்லை. நிருவாகத் தேவை என்று மட்டும் இருந்தது. குறித்த நாளுக்குள் சேராவிடில் அவளே வேலையைத் துறந்ததாகக் கொள்ளப்படும். ஒசூர்க் கடையில் அவளை அன்றே விடுவித்துவிட்டார்கள்.

போனால், ஒசூரில் செயலாளர் இல்லை. முக்காலிகள்மேல் மறுபடி பெட்டிகள் ஏறும். போகாவிட்டால், வேலை இல்லை. செல்வம் பணிபுரியும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலை நாள்களைக் குறைத்துவிட்டிருந்தார்கள். குடும்பம் அவள் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

செல்வம் எங்களை அழைத்தார். என் கணவரோடு சுருக்கமாகப் பேசிவிட்டு என்னைக் கேட்டார்.

"அண்ணி, நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா. போய் பேசாம ஜாயின் பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு அவ ஒரு மரியாதை வெச்சிருக்கா."

"அவளா சொன்னாள்?"

"சொல்லுவா அண்ணி. 'அக்கா பேசினா ரேடியோ நியூஸ் மாதிரி, நடுவுல பேசத் தோணாது'ன்னு சொல்லுவா."

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன்பின் வந்த நாள்களில், கல்லாவில் நின்றபடியே அறிவுரையை மனத்துக்குள் செப்பனிட்டேன். வேலை முக்கியம், குடும்பம் முக்கியம், சங்கத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மாறுதலை ஏற்றுக்கொண்டே வழக்கும் நடத்தலாம். ஒவ்வொன்றும் நியாயமான வாதம்தான். ஆயின் ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் ஒரு காட்சி எனக்கு இனித்தது. யாரும் அறியாத ஒரு கடையில், மொழி புரியாதவர்கள் நடுவில், மஞ்சுளாவும் என்னைப் போலத் தனியாக நிற்கிறாள். அக்காட்சி இனிக்கிறது என்பதைக் கண்டபோது, என் அறிவுரையை எந்தத் தராசில் நிறுப்பது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

6

சனிக்கிழமை காலை அழைத்தேன். அங்கே மாலை. மஞ்சுளா பாகலூரில் ஷோபாவின் வீட்டில் இருந்தாள். கடைப்பெண்களில் அன்று வார விடுமுறை கிடைத்த சிலரும் அங்கே வந்திருந்தார்கள்.

"சொல்லுங்கக்கா. அவரு போன் பண்ணிட்டாரா?" என்றாள்.

"பண்ணினார்."

"போன்னு சொல்லச் சொன்னாரா?"

"ஆமாம்."

"சரி சொல்லுங்க, கேட்டுக்கறேன். அப்புறம் நான் சண்டை போடறேன்."

வரிசைப்படுத்தி வைத்திருந்த வாதங்களில் முதலாவதைத் தொடங்கினேன். பாதியிலேயே விட்டுவிட்டேன். என் மகள் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சு, நான் சொல்றதைக் கேக்காதே" என்றேன்.

"இன்னாக்கா?"

"போன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா நான் அதை உன் நன்மைக்குச் சொல்றேனா இல்லையான்னு எனக்கே தெரியல. எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு. அதனால என் யோசனையை நீ எடுத்துக்கக் கூடாது."

எதிர்முனையில் ஒரு கன்றுக்குட்டி கத்தியது.

"என் மேலயா?"

"ஆமாம்."

"பொறாமையா?"

"ஆமாம்."

"இருங்க, இருங்க. ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தரம் சொல்லுங்க."

"மஞ்சு."

"ஏய், எல்லாரும் சும்மா இருங்கடி. எங்க கனடா அக்கா பேசறாங்க. அக்கா, சொல்லுங்க, நிறுத்தி நிதானமா, ரேடியோவுல சொல்ற மாதிரி."

என் வாழ்வில் மேடையேறிப் பேசியதுண்டு, வகுப்பில் பேசியதுண்டு. முகமறியாத பெண்கள் நிறைந்த ஓர் அறையை நோக்கி, என் ஓரகத்தியின்மேல் எனக்குப் பொறாமை என்று முழு வாக்கியமாகச் சொன்னது அன்றுதான். ஒருத்தி அதைத் தெலுங்கில் மற்றொருத்திக்குச் சொல்வது கேட்டது. பிறகு சிரிப்பு. அச்சிரிப்பில் கேலி இருந்தது. ஆனால் அது என்னை வெளியே நிறுத்தவில்லை.

"அக்கா, கல்யாணம் ஆன நாள்லருந்து நான் உங்கமேல வயிறெரிஞ்சிக்கினு இருக்கேன்" என்றாள் மஞ்சுளா. "தீவாளிக்கு நீங்க பனியில நிக்கற போட்டோ அனுப்புவீங்க. அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது. அவருகிட்ட சண்டை போடுவேன். இன்னிக்குத்தான் ரெண்டு தட்டு சாப்பிடப் போறேன்."

"அந்தப் பனியில கால் மரத்துப்போகும்" என்றேன்.

"அதைப் போட்டோவுல போடலியே."

ஷோபாவின் குரல் இடையில் வந்தது. "அக்கா, இவளைப் பாத்துப் பொறாமைப்படாதீங்க. வூட்ல தோசை கூடத் திருப்பத் தெரியாது."

அறை மறுபடி சிரித்தது. மஞ்சுளா ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுத் தனியாக வந்தாள் போலும், குரல் நெருங்கியது. "நீங்க போன்னு சொன்னா போவக் கூடாதுன்னு இருந்தேன். போவாதன்னு சொன்னா போயிடலாம்னு இருந்தேன். ரெண்டும் சொல்லாம கவுத்துட்டீங்களேக்கா. இப்ப நானே யோசிக்கணும்."

அழைப்பை முடித்தபோது இளவேனில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்த் தேநீர் போட்டு, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

7

மஞ்சுளா மாறுதலை ஏற்றுக்கொண்டாள். எதிர்ப்புத் தெரிவித்தே ஏற்பதாக எழுதிக்கொடுத்து, தொழிலாளர் துறையில் சங்கத்தின் வழியாக முறையீடும் செய்துவிட்டுத்தான் போனாள். முறையீட்டின் ஒப்புகைச் சீட்டை நான் பார்த்தேன்.

ஏன் போனாள் என்பதை அவள் குரலிலேயே தருகிறேன். இது அவள் ஒருத்தி சொன்னது.

"ஆர்டரைக் குடுக்கறப்போ மேனேஜரு கர்நாடகா கர்நாடகான்னு சொன்னாருக்கா, என்னமோ காசிக்கு அனுப்பற மாதிரி. அவங்க திருநெல்வேலியிலருந்து பாத்தா எல்லைன்னா பெரிய செவுரு போல. அத்திப்பள்ளியில எங்க அத்தை இருக்குது. சின்ன வயசுல பூ மூட்டையோட மாசத்துக்கு நாலு தரம் போவோம். எனக்கு அது வேற ஊரே இல்ல. ஒசூருக்கு மருமகளா வந்ததுதான் எனக்கு வெளியூரு."

அந்த மேலாளர் செய்த பிழையை நானும் செய்தேன். எல்லையைக் கடப்பது என்றால் மொழியை இழப்பது, தனியாக நிற்பது என்றே எண்ணியிருந்தேன். எனக்கு அது அப்படித்தான் அமைந்தது. ஒரு பேருந்துச் சீட்டில் மாநிலத்தைக் கடந்து, தன் தாய்மொழிக்குள் இறங்கிப் போகக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது, அவள் வீட்டுமொழி கன்னடம் என்று அறிந்திருந்தும், என் கற்பனையில் தோன்றவே இல்லை. பொறாமை தணிந்துவிட்டது என்று அச்சனிக்கிழமை நினைத்தேன். இதைக் கேட்டதும் அது புதிதாக மூண்டது.

புதிய கிளையில் முதல்நாள். மேற்பார்வையாளர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் என்று எண்ணி, நிறுத்தி நிறுத்திக் கன்னடத்தில் வேலையை விளக்கினாராம். இவள் தளிக் கன்னடத்தில் மடமடவென்று பதில் சொன்னதும் அவர் விழித்தாராம். பாத்திரப் பிரிவில் நின்ற பெண் ஒருத்தி இவளை உற்றுப் பார்த்து, "அவளு நீனேனா?" என்று கேட்டாள். அவள்தானா நீ என்று பொருள். வளைகாப்புக் காணொளி இவளுக்கு முன்பே எல்லையைக் கடந்துவிட்டிருந்தது. அதை அங்கே அனுப்பிப் பரப்பியது கடையின் விளம்பரப் பிரிவேதான். இதை மஞ்சுளா சொன்னாள். தமிழும் அறிந்த அந்தப் பாத்திரப் பிரிவுப் பெண்ணோடும் இளவேனில் ஒரு காணொளி அழைப்பில் பேசி, நான் சொல்லிக்கொடுத்தபடி கேட்டு உறுதிசெய்தாள். அங்கே எல்லோரும் நிற்கிறார்கள் என்பதையும் அப்பெண் சொன்னாள். உட்கார முக்காலிகூட அங்கே இல்லை.

இனி, நான் அறியாதவை. இருக்கை பற்றி அந்த மாநிலத்தில் என்ன சட்டம் உள்ளது என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. தொழிலாளர் துறையின் முடிவு இன்னும் வரவில்லை. ஒசூர்க் கடையில் முக்காலிகள் இப்போதும் வெளியே உள்ளன என்று செல்வம் சொல்கிறார். பாதிக்குமேல் உள்ளே போய்விட்டன என்று மஞ்சுளா சொல்கிறாள். இருவர் கூற்றும் ஒத்துவராததால் இரண்டையும் நிலுவையில் வைக்கிறேன். ஷோபாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. விடுப்பு முடிந்து திரும்பும்போது செயலாளர் பொறுப்பை ஏற்பாளா என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லைக்கு அப்பால் நிற்கும் பெண்கள் உட்காருவார்களா என்பதும் தெரியாது.

நேற்று மஞ்சுளா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். புதிய இடத்தில் சங்கத்தை எப்படித் தொடங்குவது என்று பலரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். "உங்க கடையில சங்கம் இருக்குதுன்னு இளவேனி சொன்னா. அங்க செக்ரட்டரி யாருக்கா? அவங்ககிட்ட நான் பேசணும், நீங்க நடுவுல இங்கிலீஸ்ல சொல்லுங்க" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் கடையில் அப்பொறுப்பில் இருப்பவர் யார் என்பது, இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.